கணிப்பை மீறி வளர்ந்த மரங்கள்

பதினான்காம் காட்டுத் துண்டு இந்த வருடமும் சொன்னதைவிடக் கூட வளர்ந்திருந்தது.

திரையில் பச்சைக் கணிப்புக் கோட்டைத் தாண்டிப் போயிருந்த அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டதும் நிரூபா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். மரம் வளர்ந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இந்த வேலையில் ஒருநாளும் இருந்திருக்க மாட்டார்கள். குறைய வளர்ந்தாலும் வில்லங்கம், கூட வளர்ந்தாலும் வில்லங்கம். சொன்னபடி வளரவேண்டும். அந்தச் சட்டத்தை மரங்களுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. யாரைப் போய் நோவது?

சிமெந்தும் இரும்பும் காற்றைக் கெடுக்கின்றன என்று உலகம் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, மாடிக் கட்டடங்களைக்கூட மரத்தால் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து வடதுருவத்தை அண்டிய காடுகளுக்குக் கேடு காலம் பிறந்தது. வெட்டிய மரம் போதவில்லை. இனி வளரப்போகிற மரத்தையும் விற்றார்கள். விற்பதென்றால் எந்த மரம் எந்த வருடம் எவ்வளவு பருத்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு கணிப்புப் பொறி. பின்லாந்தின் வடக்கே ஹர்மாலா என்ற சிற்றூரில் நிரூபா வேலை பார்த்த நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஊரிலிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வைத்த பெயர் சாத்திரி. அவர்களுடைய சொந்த ஊரில் சாதகம் பார்க்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள். "உங்கட சாத்திரியார் என்னவாம்?" என்று தமிழ் மன்றத்தில் கண்ட இடத்தில் அவளைச் சீண்டுவார்கள்.

கலப்புக் காட்டுக்குச் சாதகம் எழுதுவது லேசுப்பட்ட வேலையில்லை. பைன் மட்டும் நிற்கிற காடென்றால் பள்ளிக்கூடப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். பைனும் ஸ்ப்ரூஸும் பேர்ச்சும் கலந்து நின்றால் அது கூட்டுக் குடும்பம். பேர்ச் அவசரக்காரன், முதலில் ஓடிப்போய் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ரூஸ் அதன் நிழலில் வாயைத் திறக்காமல் வருடக்கணக்காக இருந்து, பேர்ச் கிழடானதும் மேலே வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள், யார் பங்குத் தண்ணீரை யார் குடிப்பார்கள் என்பது தெரிந்தால்தான் ஒரு மரத்தின் பருமனைச் சொல்லலாம். நிரூபாவின் இளமை இதிலேதான் கழிந்தது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கணவன் குகதாசன் மாரடைப்பில் போன பிறகு வேலைக்கு வர ஆசையுமில்லை, வீட்டுக்குப் போக அவசரமுமில்லை.

மேலாளர் மார்கெத்தா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கெட்ட மனுசி இல்லை. தான் சுட்ட கேக்கைக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கிறவள்.

"மூன்றாவது வருடம், நிரூபா. விதி தெரியும்தானே?"

"தெரியும்."

"காரணம் தேடி வெட்டவேண்டியதுதான். நிலம் உறைந்திருக்கும்போதே இயந்திரம் போகட்டும். மரத்தை அறுத்து வளையத்தைப் பார்ப்போம், வேரடி மண்ணைத் தோண்டிச் சோதனைக்கு அனுப்புவோம்."

"கூட வளர்ந்ததற்கு இவ்வளவு பயமா?"

"மரத்தை வாங்கியவர்களுக்குப் பயம்," என்றாள் மார்கெத்தா. "ஓரிடத்தில் கூட வளர்ந்தால் நமக்குத் தெரியாத ஏதோ அங்கே இருக்கிறது என்றாகிவிடும். அங்கே இருந்தால் மற்ற இடங்களிலும் இருக்கலாம் என்பார்கள். பிறகு நாம் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள்."

"வெட்டுவதற்கு முன்னால் நான் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்."

"இந்தக் குளிரிலா? ட்ரோன் எடுத்த படம் இருக்கிறதே."

"இருக்கட்டும். காட்டுக்குள் நடந்து கனகாலம்."

பதினான்காம் துண்டு ஒருகாலத்தில் சதுப்பு. மரம் வளர்க்கவேண்டும் என்று யாரோ வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஆற்றுக்கு இறக்கியிருந்தார்கள். அந்த வாய்க்கால் பனிக்குக் கீழே ஒரு நீளப் பள்ளமாகத் தெரிந்தது. அதன் இரு கரையிலும் நின்ற மரங்கள்தான் அடங்காமல் வளர்ந்தவை. மற்றவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சாத்திரிக்கு மயிரிழை வித்தியாசம் போதும். நிரூபா பனிச் சப்பாத்தோடு மூச்சு வாங்க வாங்கக் கரையில் நடந்து, ஒரு பேர்ச் மரத்தடிக்கு வந்ததும் நின்றாள்.

பனியின் மேல் ஒரு வடை கிடந்தது.

உளுந்து வடை. நடுவில் துளை, ஒரு பக்கம் பறவை கொத்தியது, மற்றப்படி கல்லாக உறைந்துபோயிருந்தது. பக்கத்தில் வாழையிலை வடிவில் பச்சைக் கடுதாசித் தட்டு ஒன்று பாதி பனிக்குள் புதைந்திருந்தது. இந்தக் குளிர் நாட்டில் எந்த மரத்திலடா உளுந்து வடை காய்க்கிறது என்று நினைத்து அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திவசத்துக்குப் படைத்த வடை அது என்று அவளுக்கு விளங்கியது. யாருடைய திவசத்தை யார் வந்து இந்தக் காட்டுக்குள் செய்கிறார்கள்?

இதற்குப் பதில் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். சபேசன். வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வுபெற்றவர். தமிழ் மன்றத்துக்குத் தலைவரும் அவர், சமையற்காரரும் அவர், செத்த வீடென்றால் முதலில் கூப்பிடுகிற ஆளும் அவர். நிரூபா மன்றத்துக்குப் போனபோது பெரிய சமையல் கிடாரமொன்றுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சேத்துக் காட்டுக்குள்ள ஆர் வடை வைச்சது?"

கிடாரத்துக்குள் தேய்க்கிற சத்தம் நின்றது. தலை மெல்ல வெளியே வந்தது.

"இரும் பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்."

"எனக்கு வேணும்," என்றார் சபேசன்.

தண்ணீர் கொதிக்கும்வரை கிடாரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவளுக்கும் சேர்த்து இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே இருந்தார்.

"உமக்குத் தெரியும்தானே, ஆத்தில சாம்பல் கரைக்க விடமாட்டினம். குடிக்கிற தண்ணியாம். முந்தி ஊருக்கு, கீரிமலைக் கடலில கரைக்கச் சொல்லிப் பார்சலில அனுப்பினம். விமானத்துக்குக் கட்டுப்பாடு வந்தாப் பிறகு அதுவும் நிண்டுபோச்சு. எரிச்ச சாம்பலை வீட்டு அலுமாரிக்குள்ள வைச்சிருக்க ஏலுமே? பிள்ளையள் படுக்கப் பயப்பிடுதுகள். அப்பதான் அந்த வாய்க்கால் கண்ணில பட்டது. பனி உருகேக்குள்ள நல்லாத்தான் ஓடிச்சுது. வாய்க்கால் ஆத்துக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். எந்தக் கடலெண்டா என்ன, கடல் ஒண்டுதானே? ஆருக்கும் சொல்லாமல் காடாத்துச் சடங்கை அங்க செய்து, அங்கயே கரைச்சுவிட்டம்."

"எத்தினை பேரை?"

"இவ்வளவு வருசமா எங்கட சனம் எல்லாரையும்தான்."

நிரூபா கோப்பையைத் தொடவில்லை. "இவரையுமோ?"

"குகனும் அங்கதான் பிள்ளை. உம்மட மகன் பிரணவன்தான் தன்ர கையால கரைச்சவன். உமக்குக் களவா ஆத்தில கரைச்சதெண்டு சொல்லச் சொன்னது நான்தான். நீர் அந்த நிறுவனத்தில வேலை. தெரிஞ்சா உமக்குத்தான் கரைச்சல்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இரண்டு வருடமாக ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் காரை மெதுவாக்கிக் கீழே பார்த்திருக்கிறாள்.

"அண்ணை, அந்த வாய்க்கால் ஓடாது."

"ஓடிச்சுது. நான் கண்ணால கண்டனான்."

"அசைஞ்சதைக் கண்டிருப்பியள். ஆத்துப் பக்கம் மண் போட்டு அடைச்சு எத்தினை காலம். சேத்து நிலத்தைத் திரும்பச் சேறாக்க வேணுமெண்டு அரசாங்கம் அடைச்சது. பனி உருகினால் தண்ணி வந்து நிரம்பும், கொஞ்சம் அங்கால இங்கால போகும், பிறகு நிலத்துக்குள்ள இறங்கிடும். மிச்சத்தை மரம் குடிச்சிடும்."

சபேசன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஒருத்தரும் கடலுக்குப் போய்ச் சேரேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"ஒருத்தருமோ?"

"என்னை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கரையில நிண்டே சொல்லியிருப்பன்," என்றாள் நிரூபா. குரல் தன்னை மீறி உயர்ந்துவிட்டது. "இந்த ஊரில ஓடுற வாய்க்கால் எது, ஓடாத வாய்க்கால் எது எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்?"

"காடாத்துக்குப் பொம்பிளையள் வாறதில்லையே பிள்ளை."

"ஓம். வாறதில்லை."

கோபம் நன்றாகத்தான் வந்தது. கிடாரத்தைத் தூக்கி அவர் தலையில் போட்டால் என்ன என்றுகூட இருந்தது. ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க ஏலவில்லை. தான் வழியனுப்பி வைத்ததாக நினைத்திருந்த அத்தனை பேரும் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று கேட்ட மனிதர் வேறெப்படி இருப்பார்? நிரூபா வெட்டப்போவதைப் பற்றிச் சொன்னாள். மரத்தை அறுப்பார்கள், மண்ணைத் தோண்டுவார்கள். சோதித்தால் எலும்பென்று ஒரே நாளில் தெரிந்துவிடும். பிறகு பொலிஸ் வரும், வழக்கு வரும், அந்த மண் முழுவதையும் வாரிக் குப்பை மேட்டில் கொட்டுவார்கள்.

"குகனையுமோ?" என்றார் சபேசன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இன்றுதான் அவனுக்கு ஓர் இடமிருப்பது தெரியவந்தது. தெரிந்த அன்றே அதைத் தோண்டப்போகிறார்கள் என்றால் யாரால் தாங்கமுடியும்? எதை விட்டாலும் அந்த இடத்தை விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள்.

"ஒரு வழி இருக்கு அண்ணை. சாத்திரி பிழை விடேல்லை. அதுக்குத் தெரியாத ஒரு விசயம் அங்க கிடக்கு. அதைச் சொல்லிக்குடுத்தால் அது சொல்லுறதும் மரம் வளர்றதும் ஒத்துப்போயிடும். பிறகு வெட்டுறதுக்கு ஒரு நியாயமும் இருக்காது."

"என்னெண்டு சொல்லப்போறீர்?"

"சாம்பல் எண்டு. ஆரின்ர சாம்பலெண்டு அது கேக்காது."

அன்று மத்தியானம் முழுக்க மன்றத்தின் மடிப்பு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். சபேசன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவராக, கரையில் எந்த இடம், எந்த வருடத்துப் பனி உருகல் என்று சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டு போனாள். தம்பையா அண்ணர், வளைஞ்ச பேர்ச்சடியில. ராசமலர் அக்கா, அதுக்கு இங்கால. காரில் அடிபட்ட நிதர்சன், அவன்ர தாய் மயங்கி விழுந்த வருசம். சாத்திரிக்கு இதெல்லாம் வேண்டாம். இடம், காலம், அளவு, அவ்வளவுதான். அவர் சொன்ன மனிதர்களை உரித்துப் போட்டுவிட்டு அந்த மூன்றை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

"சுமதியின்ர பிள்ளை," என்றார் சபேசன். "பிறந்து தங்காதது."

"எவ்வளவு எண்டு போடுறது?"

"ஒரு சிரட்டைக்கும் காணாது பிள்ளை."

அதற்கும் ஓர் எண் தேவைப்பட்டது. போட்டாள். குகதாசனின் முறை வந்தபோது அவர் சொல்லத் தயங்கினார். "அவரின்ரையை நான் போடுறன், நீங்கள் இடத்தை மட்டும் காட்டுங்கோ," என்று படத்தை அவர் பக்கம் திருப்பினாள். ஒல்லியான ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் மேல் அவர் விரலை வைத்தார்.

மறுநாள் சிவப்புக் கோடு பச்சைக் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு சுத்தமாக ஒரு பிழை தீர்ந்ததை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. மார்கெத்தா வந்து தோளைத் தட்டினாள்.

"சாம்பலா? அங்கே சாம்பல் எப்படி வந்தது?"

"ஊர் ஆட்கள் சவுனாக் குளியல் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்போல."

"எங்கள் அம்மாவும் அப்படித்தான். எங்கே பள்ளம் கண்டாலும் கொட்டுவார்." மார்கெத்தா சிரித்தாள். "நல்லது. வெட்டு இல்லை."

அதற்குப் பிறகு வந்த வசந்தமும் கோடையும் நிரூபாவுக்கு எப்படியோ கழிந்தன, மோசமில்லை என்றே சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒல்லி ஸ்ப்ரூஸ் அடிக்குப் போவாள். நுளம்பு பிய்த்துத் தின்னும். அதை அடித்துக்கொண்டே பிரணவன் ஹெல்சிங்கியில் வீடு மாறியது, தண்ணீர்க் குழாய் வெடித்தது என்று குடும்பப் புதினங்களைச் சொல்லிவிட்டு வருவாள். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுசன் இவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை.

சாத்திரிக்கு ஒரு குணம் உண்டு. நடந்ததைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்காது, நடந்தது இனியும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் கரைக்குச் சாம்பல் வருகிறது. வந்த சனம் கிழடாகிக்கொண்டு போவதால் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூடவே வருகிறது. ஆகவே இனிமேலும் கூடிக்கூடி வரும். இந்தக் கணக்கில் பதினான்காம் துண்டுக்கு அடுத்த முப்பது வருட வளர்ச்சியை எழுதிவிட்டது, எழுதியதை நிறுவனம் விற்றும்விட்டது. இதை நிரூபா கவனித்திருக்கவேண்டும். வேறொருவர் செய்திருந்தால் கவனித்திருப்பாள்.

தைப்பொங்கலன்று மன்றத்தில் சபேசன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "போன பொங்கலில இருந்து இந்தப் பொங்கல்வரைக்கும் எங்கட சனத்தில ஒரு செத்த வீடும் இல்லை!" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். நிரூபாவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே சாத்திரியின் கணக்கு நினைவுக்கு வந்து, தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரமே மார்கெத்தா வந்தாள். "பதினான்காம் துண்டு பின்தங்கிவிட்டது. உங்கள் சாம்பல்காரர்கள் ஏன் நிறுத்திவிட்டார்கள்?"

"தெரியவில்லை."

"யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு கேக் சுட்டு அனுப்புகிறேன். தொடர்ந்து கொட்டச் சொல்லுங்கள்."

நிரூபா எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கக் கனநேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது மார்கெத்தா அங்கேயே இருந்தாள்.

"இது விளையாட்டில்லை, நிரூபா. கூட வளர்ந்தால் மூன்று வருடம் பொறுப்பார்கள். குறைந்தால் பொறுக்கமாட்டார்கள். இந்தப் பனி உருகும்போது சாம்பல் வந்தால் துண்டு தப்பும். வராவிட்டால் காரணம் தேடி வெட்டவேண்டும், தோண்டவும் வேண்டும். இல்லையென்றால் சாம்பல் நின்றுவிட்டது என்று நீங்களே எழுதித் துண்டை இப்போதே முடித்துவிடலாம். நிற்கிற மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால் சரி. தோண்டல் கிடையாது. எப்படி வசதி?"

"பனி உருகட்டும், பார்ப்போம்," என்றாள் நிரூபா.

சபேசனிடம் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்படியில் இருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மரம் நிக்கவேணுமெண்டால் எங்கட ஆக்கள் வருசா வருசம் சாகவேணுமோ?"

"அது சொன்ன கணக்குக்குச் சாகவேணும்."

"நாசமாப்போன சாத்திரி. பிள்ளை, ஆலையில சாம்பல் மலைபோல கிடக்கு. நாலு மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் என்ன?"

"கணினியில போட்டுப் பாத்திட்டன் அண்ணை. விறகுச் சாம்பல் காணாது. அந்தச் சேத்து மண்ணுக்குப் பொஸ்பரஸ் சத்துக்குத்தான் தாகம். அது எலும்பிலதான் கூட இருக்கு. பசளைக் கடையில கேட்டால் தோட்டக்காரருக்கே பங்கீட்டு அட்டைக்குத்தான் குடுக்கினம்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இறைச்சிக் கடையில எலும்பு எடுத்து எரிச்சால்..."

"வாயைக் கழுவும்!" சபேசன் எழுந்தேவிட்டார். "தம்பையா அண்ணர் ஒரு முட்டை தொடாத மனுசன். அவர் கிடக்கிற இடத்தில மாட்டெலும்பு கொட்டப்போறீரோ? உம்மட புருசன் கிடக்கிற இடத்தில?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளாலும் அதைச் செய்திருக்க முடியாது என்பது சொன்ன கணமே தெரிந்துவிட்டது.

"சரி, பனி உருகும்வரைக்கும் பாப்பம்," என்றார் சபேசன் கடைசியில். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது. அவர் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார். அவள் குளிரங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாசி மாதக் கடைசியில் பூரணம் டீச்சருக்கு நிமோனியா வந்தது. ஹர்மாலாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர் அவர். பிரணவனுக்கும் அவர்தான். தனியாளாக இருந்தவர் என்பதால் ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஆள் நின்றார்கள். மூச்சுக்கு இயந்திரம் பூட்டியாகிவிட்டது, வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று வைத்தியர் சொன்னார். பெண்கள் தாழ்வாரத்தில் தேவாரம் படித்தார்கள். நிரூபா தினமும் கஞ்சி காய்ச்சி மற்றவர்களுக்குக் கொண்டுபோனாள், கட்டிலருகே இருந்தாள், டீச்சரின் காலைப் பிடித்துவிட்டாள். யாரும் ஒரு குறை சொல்லமுடியாது.

ஆனால் ஆஸ்பத்திரிச் சன்னலால் பார்க்கும்போது அவள் பார்த்தது கூரையில் கிடந்த பனியைத்தான். இன்னும் எவ்வளவு காலம் கிடக்கும்? எரித்து, சாம்பல் கையில் கிடைத்து, வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளுக்குச் சரியாக இருக்குமா? டீச்சர் சின்ன உருவம், போதுமான அளவு வருமா? இந்தக் கேள்விகளை அவள் கேட்கவில்லை. கணக்குப் போட்டே பழகிய தலை, தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. காலைப் பிடித்துவிட்ட கை நிற்கவுமில்லை. எதிர்ப்பக்கம் சபேசன் இருந்தார். அவரும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டார்கள்.

ஒரு காலைப் பொழுதில் தாதி ஓடி வந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, தானாக மூச்சு விடுகிறார், கண் முழித்துத் தேநீர் கேட்கிறார். தாழ்வாரமே அழுது சிரித்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். நிரூபாவையும் யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சறுக்கி விழுந்ததுபோல இருந்தது. அது என்னவென்று தெரியாததுபோல நடிக்க அவள் ஒரு நிமிடம் பார்த்தாள், முடியவில்லை. அது ஏமாற்றம். சுத்தமான, கலப்பில்லாத ஏமாற்றம்.

உள்ளே போனபோது டீச்சர் தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண் மட்டும் பழையபடி குறும்போடு இருந்தது.

"என்ன பிள்ளை, முகமெல்லாம் விழுந்துபோய்க் கிடக்கு? நான் போயிடுவன் எண்டு பயந்திட்டீரோ?"

"ஓம் டீச்சர்."

"இப்போதைக்குப் போகமாட்டன். சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டு வாரும்."

நிரூபா அந்தக் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அப்படியே கட்டில் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல மனம் இந்தப் பிள்ளைக்கு என்று டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய செருப்படி அவளுக்கு வாழ்க்கையில் விழுந்ததில்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் சாம்பல் நின்றுவிட்டது என்று எழுதிப் பதினான்காம் துண்டை முடித்துவிட்டாள். "அவசரம் வேண்டாமே, இன்னும் பனி உருகவில்லையே," என்றாள் மார்கெத்தா. "இல்லை, முடித்துவிடலாம்," என்றாள் நிரூபா. அதற்குமேல் மார்கெத்தா கேட்கவில்லை. கேக் ஒரு துண்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இயந்திரம் வந்த அன்று வெயில் நன்றாக எறித்தது. ஆளில்லாத இயந்திரம், அதற்குக் கூச்சலும் கிடையாது, தயக்கமும் கிடையாது. மரத்தைக் கட்டிப்பிடிக்கும், அறுக்கும், படுக்கவைத்துக் கொப்புகளை உரித்து ஒரே நீளத்துண்டுகளாக அடுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். நிரூபா காட்டுப் பாதையில் காரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். ஒல்லி ஸ்ப்ரூஸ் விழுந்ததும் மற்ற மரங்கள் விழுந்ததுபோலத்தான் இருந்தது. மண்ணை யாரும் தொடவில்லை. அதுவரைக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டாள், போதவில்லை.

சபேசன் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தபோது பாதித் துண்டு முடிந்திருந்தது. முகம் சிவந்திருந்தது.

"என்ன வேலை பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? ஒரு சொல்லுக் கேட்டீரோ? பனி உருக இன்னும் நாள் கிடக்கே! அதுக்குள்ள என்னவும் நடந்திருக்கும். குகன் நிண்ட இடம் அது. உம்மட கையாலயே வெட்டிப்போட்டீரே!"

நிரூபா திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர் பிழைச்சிட்டா எண்டு தாதி சொல்லேக்க எனக்குச் சந்தோசம் வரேல்லை அண்ணை."

சபேசன் தொப்பியைக் கழற்றினார், அதைக் கையில் வைத்துத் திருப்பினார், திரும்பவும் போட்டுக்கொண்டார். இயந்திரம் வளைந்த பேர்ச் மரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கும்தான் பிள்ளை," என்றார் சபேசன்.